மார்கழி இரவில் கரண்ட் போனால் குஞ்சுகளுக்குக் கதகதப்பு எங்கே?

ஈஸ்டருக்கும் சித்திரைத் திருவிழாக்களுக்கும் நாட்டுக்கோழி விற்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழியில் குஞ்சு இறக்கியாக வேண்டும். விற்பனை எடைக்கு வர நான்கைந்து மாதம் பிடிக்கும் என்பதால், அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கத்து வீடுகளில் இந்தக் கணக்கு சரியாகவே போடப்படுகிறது. சிக்கல் என்னவென்றால், புயலும் அடைமழையும் பனியும் வருவது அதே இரண்டு மாதத்தில்தான். கரண்ட் போவதும் அப்போதுதான்.

‘தானே’ புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. மார்கழி பாதி. பக்கத்து கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்களும் கூடவே சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. 2018 நவம்பரில் ‘கஜா’, டெல்டாவை இருட்டாக்கியது. 2024 நவம்பர் கடைசியில் ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையேறியது. இவை பெயர் வைத்த புயல்கள். பெயரில்லாத காற்றுக்கு ஒரு முந்திரிக்கிளை ஒடிந்து கம்பியில் விழுந்தாலே அந்த இரவு முழுவதும் இருட்டுதான். வீட்டில் இருப்பவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். மூன்று நாள் குஞ்சு என்ன செய்யும்?

ஒன்றன்மேல் ஒன்று ஏறும். குஞ்சின் உடம்பில் இருப்பது வெறும் பூமயிர்; குளிரைத் தடுக்கும் இறகு இன்னும் முளைக்கவில்லை. முதல் பத்து நாளுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறனும் அதற்குக் கிடையாது. நம் பக்கம் மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குகிறது. நமக்கு அது இதமான குளிர். முதல் வாரக் குஞ்சுக்குத் தேவையோ 35 டிகிரி. சூடு தேடி மூலையில் குவியும்போது அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகின்றன. பிழைத்தவையும் சளி, கழிச்சல் என்று தேறாமல் நின்றுவிடும். நூறு குஞ்சு வாங்கிய பணம் ஒரே இரவில் போய்விடும்.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும்?

‘வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே’ என்று பலர் நம்பி இருக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். குஞ்சு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாட் சூடு வேண்டும். நூறு குஞ்சுக்குப் பனிக்காலத்தில் 200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-அவர். பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யக்கூடாது. இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கையில் கிடைப்பது 800-க்கும் குறைவு. நாலு மணி நேரம் எரிந்தால் பெரிது. மார்கழி இரவோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். புயல் என்றால் மறுநாள் சார்ஜ் ஏற்றவும் வழியில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போது கடையில் பல்பு கேட்டால் எல்.இ.டி.தான் தருகிறார்கள். அது வெளிச்சத்துக்கு நல்லது, புரூடருக்கு உதவாது. சூடு மிகக் குறைவு. பழைய குண்டு பல்பு கண்ணில் பட்டால் நாலைந்து வாங்கி வைப்பது நல்லது. 200 வாட் ஒரே பல்பாகப் போடாமல் நூறு நூறாக இரண்டு போட்டால், ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும்.

கணப்புச் சட்டி

கரண்ட் வருவதற்கு முன்பு நம் வீடுகளில் இருந்த பொருள்தான் இன்றைக்கும் கைகொடுக்கிறது. ஒரு கிலோ நல்ல அடுப்புக்கரியில் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூடு இருக்கிறது. பாதிக்கு மேல் வீணாகிறது என்றாலும், ஓர் இரவுக்கு மூன்று கிலோ தாராளம். மூன்று இரவுக்கு என்று பத்து கிலோ சீமைக்கருவேலங்கரியைச் சாக்கில் கட்டி, நனையாத இடத்தில், தரையில் படாமல் வைத்துவிடலாம். ஈரக்கரி புகையும், புயலுக்கு முதல் நாள் காய வைக்க வெயில் இருக்காது.

வாயகன்ற மண்பானை ஒன்று வேண்டும். பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டை. அடியில் இரண்டு அங்குலம் மணல் அல்லது சாம்பல். கரியை வெளியே, திறந்த வெளியில் பற்றவைத்து, புகை முழுவதும் அடங்கித் தணலாகச் சிவந்த பிறகுதான் பானையில் போட வேண்டும். மேலே லேசாகச் சாம்பல் தூவினால் மெதுவாக எரியும். பானையைச் செங்கல் மேல் வைத்து, ஓட்டை போட்ட தகடால் மூடி, குஞ்சு தொடாதபடி சுற்றிலும் கம்பி வலை கட்டுங்கள். பானைக்கு ஓரடி சுற்றளவில் உமியோ கடலைத் தொலியோ இருக்கவே கூடாது. ஒரு பொறி போதும்.

நூறு குஞ்சுக்கு நாலடி விட்டத்தில், ஒன்றரை அடி உயரத் தகட்டு வளையம் சரியாக இருக்கும். வளையம் வட்டமாகவே இருக்க வேண்டும். மூலை இருந்தால் அங்கே போய்க் குவியும். தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில் கட்டுங்கள். இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். பானையை ஒட்டி நெருக்கியடித்துக் கத்தினால் சூடு போதவில்லை. விலகி ஓரத்தில் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக நின்று மேய்ந்தால் சரியாக இருக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம்.

வரதராஜன்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முந்திரி ஓடு சும்மா கிடைக்கிறதே, நன்றாக எரிகிறதே என்று அதைப் பானையில் போடாதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டாலே தோலை வெந்துபோகச் செய்யும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். நமக்கே அப்படி என்றால் குஞ்சின் நுரையீரலுக்குக் கேட்கவே வேண்டாம். முந்திரி விறகைச் சுட்டு எடுத்த கரி பரவாயில்லை. ஓடு கூடாது.

புகை இல்லை, விஷம் உண்டு

கணப்பைப் பற்றிப் பேசினால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. தணலில் புகை வராது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. மூடிய அறையில் தேங்கினால் முதலில் தலைவலி, பிறகு தலைச்சுற்றல், வாந்தி. தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வரத்தான் செய்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் பல நாள் மின்சாரம் நின்றபோது, கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்தும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டும் பலர் இந்த வாயுவால் இறந்தார்கள். வசதி இருந்தும், முன்தயாரிப்பு இல்லாததால் நேர்ந்த சாவுகள் அவை.

அதனால் கணப்பு வைக்கும் கொட்டகையில், சாக்குப் படுதாவைத் தரையிலிருந்து கட்டி, கூரைக்குக் கீழே ஓரடியாவது திறந்து விடுங்கள். கீழே காற்று அடிக்கக்கூடாது. மேலே காற்று போக வேண்டும். ஆட்கள் படுக்கும் அறையில் குஞ்சுப்பெட்டியோடு கணப்பை வைக்கவே கூடாது. கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைக்கும் பழக்கம் கூரை வீட்டுக் காலத்தது. கீற்று வழியே காற்று போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்திய கான்கிரீட் வீட்டுக்கு அது ஆகாது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். திண்ணையில்கூட வேண்டாம், ஜன்னலிலிருந்து தள்ளி வாசலுக்கு வெளியே.

தீயில்லாத வழிகள்

இருபது, முப்பது குஞ்சு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கணப்பே தேவையில்லை. ஐந்து லிட்டர் கேனில் நன்றாகச் சுட்ட தண்ணீரை ஊற்றி, சாக்கு சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தால், அது ஆறும்வரை தரும் சூடு ஒரு 40 வாட் பல்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிவதற்குச் சமம். இரவில் மூன்று முறை எழுந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். விறகடுப்பு இருக்கும் வீட்டுக்கு இது சுலபம். நான்கு பக்கமும் வைக்கோல் திணித்த பெட்டியில் குஞ்சுகளின் உடல் சூட்டையே தேக்கி வைக்கும் முறையை எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் கரண்ட் இல்லாத கிராமங்களில் கையாளுகிறார்கள். மூடியில் காற்றுத் துளை மறக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விட நம்பகமானது அடைக்கோழி. அதன் உடல் சூடு 41 டிகிரி, ஃபியூஸ் போகாது. ஒரு கோழி பத்திலிருந்து பதினைந்து குஞ்சு வரை அணைத்துக்கொள்ளும். வாங்கிய குஞ்சை அதனிடம் பகலில் விட்டால் கொத்தலாம். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக வயிற்றுக்கு அடியில் நுழைத்துவிட்டால், காலையில் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். குஞ்சு இறக்கும் நேரத்துக்கு இரண்டு கோழி அடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்பவர்கள் புயலுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. ஆனால் ஐந்நூறு குஞ்சுக்கு இது நடக்காது. அத்தனை குஞ்சு வளர்ப்பவர்கள் நான்கு வாரக் குஞ்சாக வாங்கிவிடுவது நல்லது. விலை கூடினாலும் இந்தக் கவலை இல்லை.

ஆட்டுக்குட்டிக்கு இத்தனை பாடு வேண்டாம். பிறந்ததும் சாக்கால் ஈரம் போகத் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவைத்து, தரையில் படுக்கவிடாமல் வைக்கோல் மெத்தை போட்டால் போதும். வீட்டில் எடை குறைந்த பச்சைக்குழந்தை இருந்தால் கணப்பு, புகை எதுவும் வேண்டாம். தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்திவிடுவதுதான் சிறந்த கதகதப்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய இந்த ‘கங்காரு’ முறையை நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லித் தருகிறார்கள்.

ஐப்பசியிலேயே ஒரு பகல் பொழுதில் பல்பை அணைத்துவிட்டு ஒத்திகை பார்த்துவிடுங்கள். பானை எத்தனை மணி நேரம் சூடு தாங்குகிறது, எப்போது கரி மாற்ற வேண்டும் என்பதை உங்கள் பானைதான் சொல்ல முடியும். கோழிக் கொட்டகை அமைப்பு, குஞ்சுப் பராமரிப்புப் பற்றிய சந்தேகங்களுக்கு ஜெயங்கொண்டம் அருகே சோழமாதேவியில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தை அணுகலாம். கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

கரண்ட் திரும்பும் நேரத்திலும் கவனம் வேண்டும். நடுஇரவில் பல்பு தானாக எரியத் தொடங்கி, கணப்பும் உள்ளேயே இருந்தால் இரண்டு சூடும் சேர்ந்து குஞ்சுகள் வாடிவிடும். சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு, வீட்டு விளக்கு எரிந்ததும் எழுந்து போய், தணல் பானையை வெளியே எடுத்த பிறகு பல்பைப் போடுங்கள். அப்படியே தண்ணீர்த் தட்டையும் பார்த்துவிட்டு வரலாம்; இரவெல்லாம் சூட்டில் இருந்த குஞ்சுகளுக்குத் தாகம் இருக்கும்.