நெல்லில் இரும்பு நஞ்சும் அதனைத் தணிக்கும் முறைகளும்

தாழ்நாட்டு ஈரவலயத்திலே, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மேட்டுநிலங்களின் அடியிலமைந்த தாழ்ந்த வயல்களில், நெற்பயிரின் கீழிலைகளில் நுனியிலிருந்து சிறு கபிலநிறப் புள்ளிகள் தோன்றி அடிநோக்கிப் பரவுவதுண்டு. பின்னர் இலை முழுவதும் வெண்கல நிறமடைந்து காய்கின்றது. மட்டம் வெடிப்பதும் குறைகின்றது. இதனைப் பங்கசு நோயென எண்ணி மருந்து தெளிப்போர் பலர். அச்செலவு வீணே.

இவ்வயல்களில் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தல் வேண்டும். வேர்கள் சிலவாய், குறுகி, துருப்படிந்து காணப்படும். நீரின்மேல் எண்ணெய் போன்ற படலம் மிதக்கும். அதனைக் குச்சியாற் கலைத்தால் துண்டுதுண்டாக உடையும். உண்மையான எண்ணெயாயின் மீண்டும் ஒன்றுசேரும்.

இக்குறைபாடு இரும்பு மிகுதியால் விளைவதென்பதை இலங்கை மண்ணியல் அறிஞர் எவ். என். பொன்னம்பெருமா 1955ஆம் ஆண்டில் இருவருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் அற்றுப்போகவே, கரையாத இரும்பு கரையும் இரும்பாக மாறுகின்றது. செங்கபில மேட்டு மண்ணிலிருந்து கசிந்துவரும் நீரும் இரும்பைக் கொண்டுசேர்க்கின்றது. நெல்லின் வேர், இலைவழி வந்த ஒட்சிசனை வெளியிட்டு இரும்பைத் தன் புறத்திலேயே துருவாக்கித் தடுத்துவிடும் ஆற்றலுடையது. பொட்டாசியமும் பொசுபரசும் குறைந்த பயிரில் இவ்வாற்றல் தளர்ந்துவிடுகின்றது. ஆகவே, நோய் இரும்பினதாயினும் பரிகாரம் பெரும்பாலும் பொட்டாசிலேயே தங்கியுள்ளது.

பரிகாரங்களுள் முதலாவது சுண்ணாம்பு. அது மண்ணின் புளிப்பைக் குறைத்து, கரைந்த இரும்பைப் படியச் செய்கின்றது. அரைத்த சுண்ணக்கல்லையோ தொலமைற்றையோ நிலம் பண்படுத்தும்போது, நடுகைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே மண்ணுடன் கலத்தல் நன்று. யூரியாவுடன் ஒருங்கே இடலாகாது. நைதரசன் அமோனியாவாய் வளியிற் பறந்துவிடும். சிலர் ஜிப்சத்தையும் சுண்ணாம்பென்றே கருதுகின்றனர். அது புளிப்பைக் குறைப்பதில்லை. இடவேண்டிய அளவு மண்ணுக்கு மண் வேறுபடுமாதலின், மண்ணைப் பரிசோதித்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் வேண்டும். மங்கனீசீரொட்சைட்டும் இரும்பு கரைவதைத் தாமதிக்கச் செய்யும். ஆனால் சாதாரண கமக்காரருக்கு அது எளிதிற் கிட்டும் பொருளன்று.

மியூறியேற்றுப் பொட்டாசை விதந்துரைத்த அளவில் தவறாது இடவேண்டும். பயிர் வெளிறியதைக் கண்டு மேலும் நைதரசனை இடுவது கேட்டை மிகுவிக்கும். புளிப்பைக் கூட்டும் அமோனியஞ் சல்பேற்றினும் யூரியாவே இவ்வயல்களுக்கு ஏற்றது. பச்சைத் தழையும் உக்காத வைக்கோலும் மண்ணின் ஒட்சிசனை மேலும் உறிஞ்சுமாதலால், வடிகால் குறைந்த வயலில் அவற்றை மிதமிஞ்சிப் புதைத்தலும் தவிர்க்கத்தக்கது.

மருந்தும் பசளையும் வடிகாலுக்கு ஈடாகா. மேட்டுநிலத்தின் ஓரமாக வாய்க்கால் வெட்டினால் கசிவுநீர் வயலுட் புகாது. மட்டம் வெடிக்கும் காலத்தின் நடுப்பகுதியில், நட்டு 25 முதல் 30 நாட்களில், நீரை 7 தொடக்கம் 10 நாள்வரை வடித்துவிட்டால் மண்ணுள் காற்று புகுந்து, கரைந்த இரும்பு மீண்டும் துருவாகிவிடும். வாய்க்கால் வெட்ட இயலாத இடங்களில், பொம்புவெல ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட பி.டபிள்யூ 267-3 போன்ற, இந்நஞ்சைத் தாங்கும் இனங்களைப் பயிரிடலாம்.