வேலியோரச் செங்காந்தளும் அதன் கிழங்கும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து பூக்கும் செங்காந்தளை அறியாதவர் நம் பகுதியில் அரிது. பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்கள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. குறிஞ்சிப்பாட்டு வரிசைப்படுத்தும் 99 மலர்களுள் முதலில் நிற்பது இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் பகுதியில் உழவர்கள் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர்.

கண்ணுக்கு இனிய இக்கொடியின் கிழங்கைப் பற்றி, சிறுவாச்சூருக்குச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறோம். கலப்பைபோல் வளைந்திருப்பதால் இது கலப்பைக்கிழங்கு எனப்படும். கண்வலிக்கிழங்கு என்பதும் இதுவே. கிழங்கு, விதை உட்பட இச்செடியின் எல்லாப் பகுதிகளிலும் கோல்சிசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது.

ஐரோப்பாவிலும் இதற்கு ஓர் உறவுச்செடி உண்டு. இலையுதிர் காலத்தில் பூக்கும் அது, பார்வைக்குக் குங்குமப்பூச் செடியை ஒத்திருக்கும். ஆயினும் குங்குமப்பூ ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நச்சுடைய அச்செடியோ செங்காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையைக் காட்டுப்பூண்டு என்று எண்ணிச் சமைத்து உண்டவர்கள் உயிரிழந்ததுண்டு. தோற்றத்தை மட்டும் நம்பி உண்பது எங்கும் ஆபத்தே.

அச்செடியிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கோல்சிசின், கீல்வாத வகைகளுள் ஒன்றான 'கௌட்' நோய்க்கு இன்றும் மாத்திரையாகத் தரப்படுகிறது. ஆனால் நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆகவே, வலி கூடியதென்று மாத்திரையை மிகுதியாக உட்கொள்ள வேண்டாம். சிறுநீரகம் அல்லது கல்லீரல் பாதிப்பு இருப்பின் மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுங்கள். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இதன் நச்சுத்தன்மையைக் கூட்டும் என்பதால், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் தெரிவியுங்கள். மாத்திரைக்கு மாற்றாகக் கிழங்கை அரைத்து உண்பது கூடவே கூடாது. ஒரு கிழங்கில் எவ்வளவு நஞ்சு உள்ளதென்று யாராலும் கண்டு சொல்ல இயலாது.

சர்க்கரைவள்ளி போன்ற உண்ணும் கிழங்கென்று தவறாகக் கருதி இதனை அவித்து உண்பவர்கள் உண்டு. அவிப்பதால் நஞ்சு நீங்கிவிடாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தோன்றும். இதனைச் சாதாரண உணவு ஒவ்வாமை என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரும் பிழை. அடுத்த சில நாள்களில் இதயம், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை ஆகியவை பாதிக்கப்படலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டுவதுண்டு. அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

இந்நஞ்சுக்கென்று எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லை. எனவே காலம்தான் நம் துணை. உண்டதாக ஐயம் தோன்றினாலே, அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவோ, வேறு கைமருந்து கொடுக்கவோ வேண்டாம். எஞ்சிய கிழங்கையோ விதையையோ உறையிலிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். உண்ட நேரத்தை மறைக்காமல் கூறுங்கள். மனவேதனையில் ஒருவர் தாமே உண்டிருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாமல் தனியே விடாமல் அழைத்து வாருங்கள்.

பயிரிடும் வீடுகளில் விதையையும் கிழங்கையும் உணவுப் பொருள்களோடு வைக்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கையாண்டபின் கைகளை நன்கு கழுவுங்கள். வேலியில் பூத்திருக்கும் காந்தளைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது, அதன் அழகோடு இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுங்கள்.