மதர் 3 : கதையும் ஆட்டமும்

கதையைக் கேட்போர் ஒரு வகையினர். படிப்போர் ஒரு வகையினர். மேடையிற் காண்போர் பிறிதொரு வகையினர். இம்மூவரும் கதையின் போக்கிற் கைவைக்க இயலாதவர். கதைமாந்தருள் ஒருவராய்த் தாமே நின்று, நடந்து, பொருது, கதையை முன் செலுத்துவோர் நான்காம் வகையினர். வீடியோ விளையாட்டுகளுள் பாத்திரம் ஏற்று ஆடும் வகை இந்நான்காமவரைத் தோற்றுவித்தது. இதற்குத் திறனாய்வுத் துறையில் இடம் உண்டோ என்னும் வினாவிற்குப் பொதுப்பட விடை கூறுவதினும், ஒரு படைப்பை எடுத்து அதன் நிறையும் குறையும் நாடுதலே தக்கது. ஆதலின் ஜப்பானியப் படைப்பாகிய 'மதர் 3' என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

'மதர் 3' 2006 ஏப்ரல் 20ஆம் நாள் நிண்டெண்டோ நிறுவனத்தாரால் ஜப்பானில் வெளியிடப்பெற்றது. 'கேம் பாய் அட்வான்ஸ்' என்னும் கைக்கருவிக்கென ஆக்கப்பட்டது. இதன் கதையை எழுதியவர் சிகேசாத்தோ இத்தோய். விளம்பர வாசகம் எழுதுவதில் பெயர் பெற்றவர். இவ்வரிசையில் முதற்பகுதி 1989இலும் இரண்டாம் பகுதி 1994இலும் வெளிவந்தன. மூன்றாம் பகுதி நிண்டெண்டோ 64 கருவிக்கென முப்பரிமாண உருவில் பல்லாண்டு உழைத்தும் முற்றுப்பெறாது 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பின்னர்க் கைக்கருவிக்கென மீண்டும் தொடங்கப்பெற்று நிறைவுற்றது. அக்கருவியின் திரை அகலத்தில் 240, உயரத்தில் 160 புள்ளிகளே கொண்டது. அத்திரையில் முகக்குறிப்பை நுணுக்கமாகக் காட்டல் அரிது. எனவே சிறு அசைவும் குறுஞ்சொல்லுமே உணர்ச்சியைச் சுமக்கின்றன. இச்சுருக்கம் இப்படைப்பிற்கு நலமாகவே அமைந்தது.

கதை எட்டு இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. தாஸ்மிலி என்னும் தீவுச் சிற்றூரில் லூகாஸ், கிளவுஸ் என்னும் இரட்டைச் சிறுவர் வாழ்கின்றனர். பன்றிமுகக் கவசம் அணிந்த படையினர் விலங்குகளை உருமாற்றுகின்றனர். அவ்வாறு கொடிதாக்கப்பட்ட விலங்கொன்றினால் சிறுவரின் தாய் ஹினாவா இறக்கின்றாள். பழிவாங்கச் சென்ற கிளவுஸ் காணாமற் போகின்றான். மூன்றாண்டுகள் கழிகின்றன. லூகாஸ் தன் துணைவருடன் புறப்பட்டு, தீவுகளிற் புதைந்துள்ள ஏழு ஊசிகளைத் தேடுகின்றான். அவனுக்கு முன்னே ஊசிகளைப் பறிக்க விரையும் முகமூடி வீரன் கிளவுஸே என்பது இறுதியில் வெளிப்படுகின்றது.

இனி இதன் நிறைகளைக் காண்பாம். முதலாவது, பார்வை மாற்றம். முதலியலில் ஆடுவோர் தந்தை ஃபிளின்டாக நிற்கின்றார். மனைவி இறந்த செய்தி எட்டியதும் ஃபிளின்ட் தீப்பற்றிய கட்டையை எடுத்து ஊராரையே தாக்குகின்றான். அதுவரை ஆடுவோர் ஏவலுக்கு அடங்கி நடந்தவன், அந்நொடியில் அவ்வேவலுக்கு அடங்குவதில்லை. தன்வயம் இழந்தவன் அவன். அவ்விழப்பை நம் கையும் உணர்கின்றது. தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் இழவு இங்கே சொல்லால் மட்டுமின்றிச் செயலறுதலாலும் தோன்றுகின்றது.

மூன்றாம் இயலில் ஆடுவோர் சால்சா என்னும் குரங்காகின்றார். அதன் கழுத்திலுள்ள பட்டை மின்னதிர்ச்சி தருவது. ஃபாசாட் என்பவன் நினைத்தபோதெல்லாம் அதனை இயக்குகின்றான். அவன் விற்கும் 'இன்பப் பெட்டி'களை ஊரார் இல்லங்கட்குச் சுமந்து செல்லும் வேலையும் அக்குரங்கினுடையதே. ஊரின் கேட்டுக்குக் காரணமாகும் பொருளை நம் கையாலேயே கொண்டு சேர்க்கின்றோம். நான்கனுள் மற்றொன்றாகிய இளிவு இங்கே வெளிப்படுகின்றது. 'அடிமை துன்புற்றது' என்று படித்தறிவது வேறு. அடிமையாய் நின்று கொடுமைக்குத் துணைபோதல் வேறு.

இரண்டாவது, விதிகளே கதை கூறுதல். தொடக்க இயல்களில் தாஸ்மிலியில் பணம் இல்லை. கடையில் வேண்டுவதை இலவயமாகவே பெறலாம். மூன்றாண்டு கழிந்து மீளும்போது ஒவ்வொன்றற்கும் விலை உண்டு. ஊர் மாறியது என்று ஒருவர் உரைக்கும் முன்னரே, வெறுங்கையுடன் கடைமுன் நிற்கும் நாம் அதனை அறிந்துவிடுகின்றோம்.

மூன்றாவது, போர்முறை. அடிபட்டவரின் உயிரெண் உடனே குறையாது, உருளை சுழல்வது போலப் படிப்படியாக இறங்கும். சுழியத்தை எட்டுமுன் மருந்திட்டால் அவர் பிழைப்பார். இசையின் தாளத்திற்கு ஏற்பப் பொத்தானை அழுத்தினால் தொடர்ந்து பதினாறு அடி வரை விழும். பகைவர் உறங்கும்போது மறைந்திருந்த தாளம் தெளிவாகக் கேட்கும். ஷோகோ சகாயின் இசை இவ்வாறு அணியாக நில்லாது உறுப்பாகின்றது. இம்முறையெல்லாம் பயன் பெறுவது இறுதிப் போரில். முகமூடி வீரன் தாக்க, லூகாஸ் தனித்து நிற்கின்றான். தாக்குமாறு நாம் ஏவினும் தமையன்மேல் அவன் கை எழுவதில்லை. காத்துக்கொள்ளலும் காயம் ஆற்றலுமே எஞ்சும் வழிகள். வெல்லப் பழக்கிய ஆட்டமே வெல்லலாகாத இடத்தில் நம்மைக் கொண்டு நிறுத்துகின்றது.

குறைகளும் உள. அவற்றை மறைத்தல் ஆய்வாகாது. தீவின் உண்மை வரலாற்றை எட்டாம் இயலில் லெடர் என்னும் நெட்டை மனிதர் ஒரே நெடுமொழியாகக் கூறிவிடுகின்றார். அழிந்த உலகினின்று தப்பி வந்தோர் தம் நினைவை அகற்றி, புதிய வாழ்வைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டனர் என்பது அரிய கருத்து. எனினும் அதனை நாம் தேடிக் காண்பதில்லை. பொத்தானை அழுத்தியவண்ணம் கேட்டிருக்கின்றோம். ஏழாம் இயல் ஊசி தேடும் ஒரே வேலையை நீட்டுகின்றது. அதற்கு முந்திய ஆறாம் இயலோ மிகச் சிறியது. இவ்வளவின்மையால் நடுப்பகுதி தொய்கின்றது. முகமூடி வீரன் யாவன் என்பதையும் ஊன்றி ஆடுவோர் முன்னரே உய்த்துணர்வர்.

'ஆம்', 'இல்லை' எனப் பல இடங்களில் விடை கேட்கப்படுகின்றது. 'இல்லை' என்றால் அவ்வினாவே மீண்டும் வரும் இடங்களும் உள. ஃபிளின்டின் வெறியில் ஏவலாற்றலைப் பறித்தமை பொருளுடைத்து. இங்கே ஆற்றல் தருவதாகக் காட்டி மறுத்தல் நகைச்சுவையளவில் நின்றுவிடுகின்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. தாளத்தைச் செவியால் அறிய வேண்டியிருத்தலின், செவிப்புலன் குன்றியோர்க்கு அச்சுவை எட்டுவது அரிது. எங்கும் எடுத்துச் செல்லுதற்குரிய கைக்கருவியில், இரைச்சல் மிக்க இடங்களிலும் இதே இடர் நேரும்.

நிறையும் குறையும் நோக்க ஓர் அளவுகோல் பெறப்படுகின்றது. ஆடுவோர் செயலும் செயலின்மையும் கதைப்பொருளோடு ஒன்றுமிடத்து இப்படைப்பு உயர்கின்றது. செயலை நிறுத்திக் கதையை உரைக்குமிடத்துத் தாழ்கின்றது. உரைநடையின் அழகோ படத்தின் பொலிவோ இவ்வகைக்குத் தனி அளவாகா.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2015ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் ஜப்பானில் இது புதிய கருவிகளுக்கென மறுபடி வழங்கப்பெற்றது. பிறநாட்டு ஆர்வலர் ஊதியம் கருதாது செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2008இல் வெளிவந்தது. அதன் வாயிலாகவே ஜப்பானிய மொழி அறியாதார் பலர் இதனை அறிந்தனர். ஓலையேடு படிப்பாரின்றிச் செல்லரித்துப் போவது போல, கருவி மாறின் ஆட்டமும் அழியும். ஏட்டைப் படியெடுத்தால் நூல் எஞ்சும். ஆட்டத்தின் கதையை மட்டும் எழுதி வைத்தாலோ அதன் உயிர்நிலை எஞ்சாது. தமையன்மேல் எழாத அந்தக் கையை ஆடியே அறிதல் வேண்டும். எனவே இத்தகைய படைப்புகளை ஆராயப் புகுவோர் கதைச்சுருக்கம் எழுதி அமையாது, அவை ஆடத்தக்க நிலையில் காக்கப்படுதலையும் தம் கடனாகக் கொள்ளல் வேண்டும்.