மேளம் கட்டும் கைகள்

ஒரு வீணை தன் ஆயுளில் அதைச் செய்தவரின் கைக்கு ஒருமுறைதான் போகிறது. பழுது பார்ப்பவரின் கைக்கோ பலமுறை போய்வருகிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செறிந்து வாழும் பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலும், பாட்டு வகுப்புக்கும் வீணை வகுப்புக்கும் பேர்போன பக்கத்து மல்லேசுவரத்திலும், தஞ்சாவூரில் பலா மரத்தில் குடைந்த வீணையும் மைசூர் மரபில் ஈட்டி மரத்தில் செய்த வீணையும் ஒரே தெருவில் இருக்கக்கூடும் என்பதால், இப்பகுதியின் கம்பி வாத்தியங்களைச் செப்பனிடுபவர் இரண்டு மரபுகளையும் அறிந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது. அவர் பட்டறையில் அன்றாடம் நடக்கும் வேலை எத்தகையது என்பது வீணை இருக்கும் வீட்டாருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை.

வீணையின் வலக்கோடியில் இருக்கும் பெரிய உருண்டைப் பகுதி குடம்; அதிலிருந்து நீளும் உட்குடைவான கழுத்து தண்டி; இடக்கோடியில் வளைந்து நிற்பது யாளி முகம். தண்டியின் அடியில் பொருத்தப்படும் சுரைக்குடுக்கை இன்று பெரும்பாலும் காகிதக் கூழிலோ உலோகத் தகட்டிலோ செய்யப்படுகிறது. மொத்தம் 7 கம்பிகள். அவற்றுள் 4 கம்பிகள் மெட்டுகளின் மேல் ஓடி இசைக்கும், எஞ்சிய 3 பக்கவாட்டில் நின்று தாளத்துக்கும் சுருதிக்கும் பயன்படும். குடமும் தண்டியும் ஒரே மரத்துண்டில் குடையப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைக்கப்பட்டால் ஒட்டு வீணை. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம் விரும்பி வாங்கப்படுகிறது. அவ்வூர் வீணை 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. செய்த ஊருக்குக் கிடைத்த இந்த மதிப்பு நியாயமானதே. ஆனால் அந்த வீணையை அதன்பின் பல பத்தாண்டுகள் பாட வைத்திருக்கும் பழுதுபார்ப்புக் கலைக்கு அப்படியொரு அடையாளம் எதுவும் இல்லை என்பது ஒரு குறையே.

அந்தக் கலையின் உச்சம் மேளம் கட்டுதல், அதாவது மெட்டுகளை அவற்றுக்குரிய சுர இடங்களில் நிறுத்துதல். வீணையின் 24 மெட்டுகளும், அதாவது விரல் வைத்து அழுத்தும் வெண்கலப் பட்டைகளும், மரத்தில் நேராகப் பதிக்கப்படுவதில்லை. தண்டியின் இரு ஓரங்களிலும் எழுப்பிய மெழுகுச் சட்டத்தில் அவை பொதிந்து நிற்கின்றன. தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புக் கலவையே அந்தச் சட்டம். ஆண்டுகள் செல்லச் செல்ல மெழுகு காய்ந்து வெடிக்கிறது, கம்பியின் இழுப்பில் தண்டி இம்மியளவு வளைகிறது, கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து மெட்டின் தலையில் பள்ளம் விழுகிறது. அப்போது எந்த வித்வான் வாசித்தாலும் சுரம் பிசகும்.

மேளம் கட்டுபவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, மெட்டுகளை அரத்தால் தேய்த்துப் பள்ளம் நீக்கி, புதிய மெழுகை இளக்கிச் சட்டமாக வார்த்து, சாரணி எனப்படும் முதல் கம்பியை ஷட்ஜத்தில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு மெட்டையும் அதற்குரிய இடத்தில் அழுத்தி நிறுத்துகிறார். கணக்கு எளியது: கம்பியின் நீளத்தில் சரிபாதியில் வரும் 12ஆவது மெட்டு மேல் ஷட்ஜத்தையும், மூன்றில் இரண்டு பங்கு மீதியாகும் இடத்தில் நிற்கும் 7ஆவது மெட்டு பஞ்சமத்தையும், நான்கில் மூன்று பங்கு மீதியாகும் இடத்திலுள்ள 5ஆவது மெட்டு சுத்த மத்தியமத்தையும் தரும். ஆனால் விரல் அழுத்தும்போது கம்பி சற்றே இழுபட்டுச் சுரம் உயர்வதால், அளவுகோல் காட்டும் இடத்துக்கும் காது கேட்கும் இடத்துக்கும் நூலிழை வேறுபாடு உண்டு. போதாக்குறைக்கு ஒரே மெட்டு, கனம் வேறுபட்ட நான்கு கம்பிகளுக்கும் பொதுவானது. சாரணிக்குச் சரியாக நகர்த்தினால் மந்தரக் கம்பியில் சுரம் தள்ளிப்போகும். நான்கும் ஒத்துக்கொள்ளும் ஒரு புள்ளியை ஒரு கையால் மீட்டி மறுகையால் நகர்த்தித் தேடுவதே இந்த வேலை. உயரமும் ஒழுங்காக இறங்கிவர வேண்டும். ஒரு மெட்டு இம்மி தூக்கி நின்றாலும் அதற்கு முந்தைய மெட்டில் வாசிக்கும்போது கம்பி உரசி இரைச்சல் எழும். இவ்வளவையும் காதை நம்பிச் செய்பவரை வெறும் கைவினைஞர் என்று சொல்லிவிட முடியாது. அவர் சுரஞானம் உள்ளவர்.

இதில் ஊரின் தட்பவெப்பத்துக்கும் பங்குண்டு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் அளவில் உருகுமென்றாலும் அதற்கு வெகுமுன்பே இளகத் தொடங்கிவிடும். கலவையில் மெழுகு மிகுந்தால் கோடையில் மெட்டு நழுவும். குங்கிலியம் மிகுந்தால் சட்டம் நொறுங்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூரின் குளுமைக்கும் தஞ்சையின் வெயிலுக்கும் ஒரே பதம் பொருந்தாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை விட்டுச் செல்வது எந்த ஊரிலும் மேளத்தைக் குலைத்துவிடும்.

மேளத்துக்கு அடுத்த நுட்பமான வேலை குதிரையில் இருக்கிறது. குடத்தின் மேற்பலகையில் நின்று கம்பிகளைத் தாங்கும் மரத்தாலான குதிரையின் தலையில் ஒரு வெண்கலத் தகடு அமர்ந்திருக்கும். தட்டையாகத் தெரியும் அதன் மேற்பரப்பு உண்மையில் மிக மெல்லிய வளைவுடையது. ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்துக்கு 1933இல் இயக்குநராக வந்த சி.வி. ராமன், அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது, 1921இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த வளைவின் பெருமையை விளக்கினார். கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு நுண்ணிய மேற்சுரங்களும் கூடப் பிறக்கின்றன. எந்த மேற்சுரத்துக்கு ஒரு புள்ளி அசையாமல் நிற்க வேண்டுமோ அந்தப் புள்ளியில் மீட்டினால் அந்த மேற்சுரம் ஒலிக்காது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. வீணையும் தம்புராவும் இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை என்று ராமன் காட்டினார். வளைந்த பரப்பைக் கம்பி ஒவ்வோர் அதிர்விலும் தொட்டுத் தொட்டு விலகுவதால், ஒலிக்கக் கூடாத மேற்சுரங்களும் ஒலித்து நாதம் செழிக்கிறது. அவருடைய துணைவியார் லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

அந்த வளைவு தேய்ந்தால் நாதம் சப்பென்றாகிவிடும். பழுது பார்ப்பவர் தகட்டைச் சிறிது தேய்த்து, கம்பியை ஏற்றி, மீட்டிக் கேட்டு, மறுபடியும் கழற்றித் தேய்க்கிறார். அளவுக்கு மேல் ஒரு இழுப்பு அரம் பட்டால் வேலை முதலிலிருந்து தொடங்கும். தம்புராவில் இந்த வளைவோடு ஜீவா நூலும் சேர்கிறது: குதிரைக்கும் கம்பிக்கும் இடையில் செருகும் அந்த நூலை முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் முழுமையாக எழும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மற்ற வேலைகள் அன்றாடம் வந்து போகிறவை. தேய்ந்து வழுக்கும் பிரடைகளை, அதாவது கம்பியைச் சுற்றி இறுக்கும் முளைகளை, இழைத்துத் துளைக்குப் பொருத்துவது, நுண்சுருதி சேர்க்க உதவும் லங்கர் வளையங்களை மாற்றுவது, துருப்பிடித்த கம்பிகளைக் களைவது, குடத்துக் கீறலை மரத்தூளும் பசையும் கொண்டு அடைப்பது, ஒட்டு வீணையில் கம்பியின் இழுப்பால் விடுபடும் இணைப்பை மீண்டும் கூட்டுவது ஆகியவற்றோடு வயலினும் கிதாரும் இத்தகைய கடைகளின் பிழைப்பைத் தாங்குகின்றன.

தம்புரா வேலை மட்டும் குறைந்துவிட்டது. 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கிய ராடெல் நிறுவனம் பெங்களூரைச் சேர்ந்தது. அந்தச் சிறு பெட்டி, தனியாகச் சாதகம் செய்யும் மாணவர்களுக்குப் பேருதவியானது. ஆயினும் மரத் தம்புராக்கள் மூலைக்குப் போன பிறகு, ஜீவா பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு வேலையும், அவர்களிடம் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களுக்கு வாய்ப்பும் சேர்ந்தே சுருங்கின. மேளம் கட்டும் கலை அந்த வழியில் போய்விடக் கூடாது. ஏனெனில் இது ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் பல ஆண்டுகள் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் பழக வேண்டிய கலை.

வீட்டில் உறை போட்டுச் சாத்திய வீணை இருக்குமானால், வரும் விஜயதசமிக்கு முன்பே உறையை நீக்கி, சாரணியைச் சுருதி சேர்த்து, 12ஆவது மெட்டில் விரல் வைத்து மீட்டிப் பாருங்கள். மேல் ஷட்ஜம் ஒத்து வரவில்லையென்றால், மேளம் கட்டுபவரை வரவழையுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.