உடலின் கையொப்பச் சரிபார்ப்பு

சென்ற ஆண்டு ஆடி மாதத்து மழைநாள் ஒன்றில், எங்கள் செம்பூர்க் கிளைக்குத் தாராவியிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். விடியுமுன்பே இட்லி அவித்து, பாத்திரத்தில் சுமந்து சென்று தெருத்தெருவாக விற்று, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பம் அது. நெகிழி உறையில் நனையாமல் சுற்றிவைத்திருந்த வைப்பு நிதி ரசீதை என்முன் நீட்டினார்.

“இத முறிச்சுக் குடுங்க சார். இன்னைக்கே பணம் அனுப்பியாகணும்.”

முதிர்வுக்கு நான்கு மாதங்களே இருந்தன. காரணம் கேட்டேன். அவருடைய மனைவிக்கு நிணநீர்ப் புற்றுநோய். சிகிச்சை பெற்றுக் குணமாகி, ஓராண்டு கழித்து நோய் திரும்பியிருந்தது. யாரோ ஓர் இடைத்தரகர், ஒரு தனியார் நிலையத்தின் வழவழப்பான விளம்பரத் தாளைக் கொடுத்திருக்கிறார். ‘இயற்கைக் கொல்லி அணுக்கள்’ என்னும் என்.கே. செல்களை ஊசியாகச் செலுத்தினால் புற்றுநோய் அடியோடு ஒழியும் என்று அதில் அச்சிட்டிருந்தது. முன்பணம் மட்டும் 4 லட்சம் ரூபாய். அத்தாள் ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துச் சொல்லும்படி என்னிடமே கேட்டார்.

நான் வணிகவியல் பட்டதாரி. பற்று வரவு தெரியும், உயிரணு தெரியாது. பணம் அவருடையது, கேட்டால் மறுக்கும் உரிமை வங்கிக்கு இல்லை. ஆயினும், “அண்ணாச்சி, எனக்கு ரெண்டே ரெண்டு நாள் குடுங்க. வெவரம் தெரிஞ்சவங்கள கேட்டுட்டுச் சொல்றேன்” என்றேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சம்மதித்தார். அன்று மாலை, மாட்டுங்காவில் வசிக்கும், எனக்குப் பழக்கமான மருத்துவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் விளக்கியதையும், அதன்பின் நான் படித்தறிந்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இல்லாததைக் கண்டுபிடிக்கும் காவல்

இயற்கைக் கொல்லி அணுக்கள் கற்பனைச் சரக்கு அல்ல. நம் ஒவ்வொருவரின் இரத்தத்திலும் அவை உள்ளன. இரத்தத்திலுள்ள நிணவெள்ளணுக்கள் நூற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 வரை இவ்வகையைச் சேர்ந்தவை. 1975-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், இவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் இவற்றை விவரித்துப் பெயரிட்டனர். அதே காலத்தில் அமெரிக்காவில் ரொனால்டு ஹெர்பர்மனும் இவற்றைக் கண்டறிந்தார். முன்பயிற்சி எதுவுமின்றிப் புற்றணுவைக் கொல்லும் திறனே இப்பெயருக்குக் காரணம்.

எதைக் கொல்வது, எதை விடுவது என்று இவை எவ்வாறு முடிவு செய்கின்றன? வங்கி ஊழியருக்கு இது எளிதில் விளங்கும். காசோலை வந்தால் நாம் மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுகிறோம். உடலிலும் உட்கரு கொண்ட ஏறத்தாழ எல்லா அணுக்களும் எச்.எல்.ஏ. என்னும் புரதத்தைத் தம் மேற்பரப்பில் ஏந்தியிருக்கின்றன. ‘நான் இவ்வுடலைச் சேர்ந்தவன்’ என்று கூறும் கையொப்பம் அது. தன் உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளையும் அதன்மேல் வைத்து அணு வெளியே காட்டும். டி அணுக்கள் எனப்படும் மற்றொரு வகை வெள்ளணுக்கள் அந்தத் துணுக்கைப் பரிசோதித்து, வைரஸின் அடையாளம் தென்பட்டால் தாக்கும்.

ஆகவே சில வைரஸ்களும் புற்றணுக்களும் ஒரு தந்திரம் செய்கின்றன. கையொப்பமிட்ட தாளையே மறைத்துவிடுகின்றன, எச்.எல்.ஏ. புரதத்தை மேற்பரப்பிலிருந்து குறைத்துக்கொள்கின்றன. டி அணுவுக்குப் பரிசோதிக்க எதுவும் இருக்காது. இங்குதான் இயற்கைக் கொல்லி அணு பயன்படுகிறது. தவறான கையொப்பத்தை அது தேடுவதில்லை. கையொப்பம் இல்லாமையையே கவனிக்கிறது. ‘தன்னடையாளம் காணாமை’ என்னும் இக்கொள்கையை 1980-களில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கிளாஸ் ஷேரே முன்வைத்தார்.

ஏற்பிகளின் ஐந்தொகை

இம்முடிவை எடுப்பவை அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள். ஏற்பி என்பது, தனக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டினால் அணுவின் உள்ளே செய்தி அனுப்பும் புரதம். இயற்கைக் கொல்லி அணுவில் இரு வகை ஏற்பிகள் உள்ளன. ‘கிர்’ குடும்பத்தைச் சேர்ந்த பல ஏற்பிகள் எச்.எல்.ஏ.யைத் தொட்டதும் ‘பொறு’ என்று தடுக்கும். என்.கே.ஜி.2டி போன்றவை, நோயுற்றோ சேதமுற்றோ துன்பத்திலிருக்கும் அணு வெளிக்காட்டும் புரதங்களைத் தொட்டதும் ‘தாக்கு’ என்று தூண்டும். ஒரே ஏற்பியின் சொல்லைக் கேட்டு அணு செயல்படுவதில்லை. இரு பக்கத்தையும் கூட்டிக் கழித்து, நிகர இருப்பைப் பார்த்தே தீர்மானிக்கிறது. தாக்குவதென்று முடிவானால், பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் எதிரியின் சுவரில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதிகளை உள்ளே செலுத்துகிறது. அந்த அணு தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

மூன்றாவதாக, சி.டி.16 என்னும் ஏற்பி ஒன்றுண்டு. எதிர்ப்பொருள் ஒட்டிய அணுவை அது பற்றிக்கொள்ளும். அண்ணாச்சியின் மனைவிக்கு முதற்சிகிச்சையில் கொடுத்த மருந்துகளில் ரிடக்ஸிமாப் என்பதும் ஒன்று. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இவ்வெதிர்ப்பொருள், 2007 முதல் இந்தியத் தயாரிப்பாகவும் குறைந்த விலையில் கிடைக்கிறது. புற்றுற்ற பி அணுக்களின்மேல் அது ஒட்டிக்கொள்ள, இயற்கைக் கொல்லி அணுக்கள் வந்து அவற்றைக் கொல்கின்றன. இம்மருந்து செயல்படும் வழிகளுள் இது ஒன்று. அதாவது, 4 லட்சம் கொடுத்து அவர் வாங்க நினைத்த அணுக்கள், அவருடைய மனைவியின் உடலிலேயே ஏற்கெனவே உழைத்திருந்தன.

அப்படியானால் வெளியிலிருந்து கூடுதலாகச் செலுத்தினால் என்ன? புற்றுக்கட்டிகள் தூண்டும் புரதத்தை உதிர்த்து ஏற்பியை ஏமாற்றுகின்றன. சுற்றுச்சூழலை மாற்றி அணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. செலுத்திய அணுக்களும் உடலில் நெடுநாள் நிலைப்பதில்லை. இத்தடைகளைக் கடக்கும் ஆராய்ச்சி நடந்துவருகிறது. தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த இயற்கைக் கொல்லி அணுக்களில் செயற்கை ஏற்பியைப் பொருத்தி, அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் 11 நோயாளிகளுக்கு அளித்ததில் 8 பேருக்குப் பலன் தெரிந்ததாக 2020-இல் செய்தி வெளிவந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் 11 பேரிடம் நடந்த ஆய்வுக்கும், ‘அடியோடு ஒழியும்’ என்னும் விளம்பரத்துக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

மும்பையில் பிறந்த ஏற்பி

செயற்கை ஏற்பியைக் கொண்டு அனுமதியும் பெற்ற சிகிச்சை ஒன்று நம் மாநகரத்திலேயே உருவாகியிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். கார்-டி என்பது அதன் பெயர். நோயாளியின் டி அணுக்களை எடுத்து, பி அணுக்களின்மேல் உள்ள சி.டி.19 என்னும் புரதத்தைக் கண்டறியும் ஏற்பிக்குரிய மரபணுவை அவற்றில் சேர்த்து, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவர். டி அணு முழுமையாகச் செயல்பட இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். நம் பெட்டகத்துக்கு வங்கியின் சாவியும் வாடிக்கையாளரின் சாவியும் வேண்டுவதைப் போல. இச்செயற்கை ஏற்பியில் இரு சாவிகளும் ஒரே கொத்தில் அமைந்துள்ளன.

பவாயிலுள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ராகுல் புர்வார் குழுவினரும் டாடா நினைவு மையத்தின் மருத்துவர்களும் இணைந்து இதை உருவாக்கினர். 2021 ஜூன் 4 அன்று, கார்கரில் உள்ள டாடா மையத்தின் ஆக்ட்ரெக் வளாகத்தில் முதல் நோயாளிக்குச் செலுத்தினர். 2023 அக்டோபரில் ‘நெக்ஸ்கார்19’ என்னும் பெயரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பவாய் வளாகத்தில் இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டு விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஆகும் என்று அப்போது கூறப்பட்டது. 2025-இல் ‘லான்செட் ஹெமட்டாலஜி’ இதழில் வெளியான ஆய்வு முடிவின்படி, மதிப்பிடத்தக்க நோயாளிகளில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது.

பலன் கிடைக்காதவர்களும் உண்டு என்பதை இந்த எண்ணே சொல்கிறது. நல்ல பி அணுக்களும் அழிவதால் தொற்று வரலாம். கடுங்காய்ச்சல் முதலிய பக்கவிளைவுகள் தோன்றலாம். எல்லாப் புற்றுநோய்க்கும் இது மருந்தன்று. நோய் திரும்பிய அல்லது பிற மருந்துக்குக் கட்டுப்படாத, பி அணுக்களைச் சார்ந்த இரத்த, நிணநீர்ப் புற்றுநோய்களுக்கே அனுமதி தரப்பட்டுள்ளது. பத்தில் ஒரு பங்கு என்றாலும் பல லட்சம் ரூபாய் ஆகும். மெய்யான சிகிச்சை தன் எல்லைகளையும் எண்களில் சொல்கிறது. அந்த விளம்பரத் தாளில் எண் என்று இருந்தது விலை ஒன்றே.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்தபோது, மருத்துவர் எழுதித் தந்த நான்கு கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். வாசகர்களுக்கும் அவை பயன்படும்.

ஒன்று: இந்நோய்க்கு இச்சிகிச்சை இந்தியாவில் அனுமதி பெற்றுள்ளதா? அனுமதியின் விவரத்தை எழுத்தில் தருவீர்களா?

இரண்டு: ஆய்வு நிலையில் உள்ளது என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவெண் என்ன? இப்பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஆய்வுக்கு உட்பட்ட மருந்துக்குப் பங்கேற்பாளரிடம் விலை பெறலாகாது என்பதே பொதுநெறி.

மூன்று: எத்தனை பேருக்கு அளித்தீர்கள்? எத்தனை பேருக்குப் பலன்? எங்கே வெளியிட்டீர்கள்?

நான்கு: இதுவரை சிகிச்சை அளித்த மருத்துவர் இதை அறிவாரா?

அவர் என் மேசையிலிருந்தே தொலைபேசியில் கேட்டார். முதற்கேள்விக்கே மறுமுனையில், “பணம் கட்டிய பின் பேசலாம்” என்று விடை வந்தது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எம் பொண்டாட்டிகிட்ட என்ன சார் சொல்றது? நாளைக்கு ஊசின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மறுவாரம் அவர்கள் பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குச் சென்றனர். கார்-டி இப்போதைக்குத் தேவையில்லை, முதலில் இரண்டாம் நிலை மருந்துகள், நோய் கட்டுப்பட்டால் அவருடைய சொந்தத் தண்டணுக்களைக் கொண்ட மாற்றுச் சிகிச்சை என்று மருத்துவர்கள் திட்டமிட்டனர். மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மக்கள் நலத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் வழியை, அங்குள்ள சமூகப் பணியாளரே காட்டினார். கைச்செலவுக்குத் தேவைப்பட்ட தொகைக்கு வைப்பை முறிக்காமல், அதன் பேரில் கடன் வழங்கினோம். முன்முதிர்வில் வட்டி குறையும் என்பதால் அவசரத் தேவைக்கு இவ்வழி பெரும்பாலும் நன்மை தரும். ஆயினும் இரு வழிகளின் கணக்கையும் கிளையில் கேட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

கார்த்திகையில் வைப்பு முதிர்ந்தது. கடனைக் கழித்து மீதியைப் புதுப்பிக்க வந்தார். சிகிச்சை இன்னும் முடியவில்லை. முடிவு என்னவாகும் என்று மருத்துவர்களும் உறுதி கூறவில்லை. புதிய படிவத்தில் மனைவியின் பெயரையும் கூட்டுக் கணக்காகச் சேர்க்கச் சொன்னார். மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்த அந்த அம்மையார், தலையில் முக்காடிட்டபடி என் மேசைக்கு வந்து, நடுங்கும் கையால் நிதானமாகக் கையொப்பமிட்டார். பழைய கையொப்ப அட்டையோடு ஒப்பிட்டேன். பொருந்தியது.