சிவகாசிக்கு யார் எம்.பி.?

சிவகாசி என்ற பெயரில் இப்போது நாடாளுமன்றத் தொகுதி கிடையாது. 1967 முதல் 2009 வரை இருந்த தொகுதியை மறுசீரமைப்பு கலைத்தது. அதன் இடத்தில் விருதுநகர் தொகுதி வந்தது. நாட்டின் பட்டாசில் பெரும்பங்கைத் தயாரிக்கும் ஊர் இன்று அந்தத் தொகுதிக்குள் உள்ள ஆறு சட்டமன்றப் பகுதிகளில் ஒன்று. 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்த சிவகாசி, மக்களவை வரைபடத்தில் மட்டும் பெயரை இழந்து நிற்கிறது.

இந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற வரலாறு சிவகாசி தொகுதிக்கும் முந்தையது. முதல் பொதுத் தேர்தலில், 1952-ல், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் காமராஜர். 1954-ல் முதலமைச்சரானதும் அந்த இடத்தை விட்டுவிட்டு, குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1957-ல் அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் வென்றார். எந்தக் கட்சியும் இங்கே நிலையாக வேரூன்றிவிடவில்லை. 1967-ல் சொந்த ஊரான விருதுநகர் சட்டமன்றத் தொகுதியிலேயே காமராஜர், திமுகவின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

அந்த ஆண்டுதான் சிவகாசி தொகுதி தன் முதல் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது. அவர் சுதந்திராக் கட்சியின் பி. ராமமூர்த்தி. அதே தேர்தலில் மதுரையில் வென்ற மார்க்சிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி வேறொருவர். அடுத்து காங்கிரசின் வி. ஜெயலட்சுமி 1971, 1977 என இருமுறை. அதிமுகவின் சவுந்தரராஜன் 1980, 1984 என இருமுறை. 1989-ல் வென்ற கா. காளிமுத்து பிற்காலத்தில் தமிழகச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரானார். 1991-ல் அதிமுக வென்றது. 1996-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அழகிரிசாமி வென்றார். இந்தத் தொகுதி கண்ட 11 பொதுத் தேர்தல்களில் பெண் வேட்பாளர் வென்றதும் உண்டு. தீப்பெட்டி ஒட்டுவதிலும் பட்டாசு சுற்றுவதிலும் பெண்களின் கைகளை நம்பியிருக்கும் வட்டாரத்துக்கு இது அதிகமல்ல. மற்ற தொகுதிகளோடு ஒப்பிட்டால் குறைவுமல்ல.

தொகுதியின் பெயரை நாடு முழுக்கக் கேட்க வைத்தவர் வைகோ. 1996-ல் இங்கே தோற்ற அவர், 1998-ல் அதிமுக அணியிலும் 1999-ல் திமுக அணியிலும் நின்று வென்றார். இரண்டிலும் பாஜக கூட்டணியில் இருந்தது. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா நிறைவேறியபோது அவருடைய மதிமுக அதை ஆதரித்தது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அவர்மீது அதே சட்டம் பாய்ந்தது. ஜூலையில் கைதானவர் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வேலூர் சிறையில் இருந்தார். சிவகாசி மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர், தன் கட்சியே வாக்களித்த சட்டத்தின்கீழ், பதவிக்காலத்தின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கம்பிக்குள் கழித்தார். 2004-ல் மதிமுகவின் சிப்பிப்பாறை ரவிச்சந்திரன் வென்றார். சிவகாசி தொகுதியின் கடைசி உறுப்பினர் அவர்தான்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுசீரமைப்பு ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைந்த எல்லைகள் 2009 தேர்தலில் நடைமுறைக்கு வந்தன. விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். அவற்றில் சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை ஆகிய நான்கு மட்டுமே விருதுநகர் மக்களவைத் தொகுதியில் உள்ளன. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசிக்குப் போயின, திருச்சுழி ராமநாதபுரத்துக்கு. குறைந்த இரண்டு இடங்களை நிரப்ப மதுரை மாவட்டத்தின் திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் சேர்க்கப்பட்டன. ஒரே ஆட்சியருக்குக் கீழ் வாழும் மக்களுக்கு மூன்று எம்.பி.க்கள். மதுரை எய்ம்ஸ் என்று சொல்லப்படும் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட தோப்பூரும் விருதுநகர் தொகுதிக்குள்தான் வருகிறது. எய்ம்ஸ் தாமதம் பற்றி மக்களவையில் கேட்பதும் பட்டாசு பற்றிக் கேட்பதும் ஒரே உறுப்பினரின் வேலை.

தொழில் வட்டாரமும் இந்தக் கோடுகளுக்குள் அடங்கவில்லை. பட்டாசு ஆலைகள் நிறைந்த வெம்பக்கோட்டை சாத்தூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியோ தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில். ஆகவே தீப்பெட்டிக்காக டெல்லியில் மனு கொடுக்கும்போது ஒரே கூட்டத்தில் பல தொகுதிகளின் உறுப்பினர்கள் நிற்க நேர்கிறது.

புதிய தொகுதியின் முதல் தேர்தலில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 15,764 வாக்கு வித்தியாசத்தில் வைகோவைத் தோற்கடித்தார். 2014-ல் அதிமுகவின் டி. ராதாகிருஷ்ணன் வென்றார், வைகோ இரண்டாமிடம். 2019-லும் 2024-லும் மீண்டும் தாகூர். 2024-ல் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன் தேமுதிக சார்பிலும் நடிகை ராதிகா பாஜக சார்பிலும் நின்றார்கள். தாகூரின் முன்னிலை வெறும் 4,379 வாக்கு. சிவகாசி, விருதுநகர் என்ற இரண்டு பெயர்களிலும் வென்றவர்களில் ஒருவர்கூட மத்திய அமைச்சரானதில்லை.

இங்கே எம்.பி. என்பவர் ஏன் இவ்வளவு முக்கியம்? விடை அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. வெடிபொருள் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. பட்டாசு ஆலை எப்படி இருக்க வேண்டும், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை பேர் உள்ளே உட்காரலாம் என்பவற்றையெல்லாம் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்த 2008 விதிகள் தீர்மானிக்கின்றன. சிறிய ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம் தருவார். பெரியவற்றுக்கு மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகமோ நாக்பூர் தலைமையகமோ தர வேண்டும். சிவகாசிக்காரர்கள் ஓர் ஆலையின் அளவைச் சொல்ல ‘டிஆர்ஓ லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்றே பேசுவார்கள். அந்தத் துறை மத்திய வர்த்தகத் தொழில் அமைச்சகத்தின்கீழ் வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கேள்விகள் மாநில அரசோடு நிற்காமல் டெல்லிக்கும் போனதற்குக் காரணம் இதுதான்.

வரியும் அப்படியே. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டு, ஆலைகள் வேலைநிறுத்தம் செய்தன. பின்பு அது 18 ஆனது. 2020 ஏப்ரலில் கையால் செய்த தீப்பெட்டிக்கும் இயந்திரத் தீப்பெட்டிக்கும் ஒரே 12 சதவீதம் என்றானது. ஆனால் இவற்றை முடிவு செய்வது மக்களவை அல்ல, நிதியமைச்சர்கள் கூடும் ஜிஎஸ்டி கவுன்சில். எம்.பி. அங்கே போக முடியாது. கடிதம் கொடுக்கலாம், கேள்வி நேரத்திலோ விதி 377-ன்கீழோ எழுப்பலாம். அப்படிப் பல தரப்பும் அழுத்தியதில் பலன் கண்டவையும் உண்டு: 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. தீப்பெட்டித் தொழில் நெடுநாள் கேட்டு வந்தது அது.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எட்டாத இடம் உச்ச நீதிமன்றம். சிவகாசியின் வாழ்க்கையைப் புரட்டிய தீர்ப்புகள் அங்கிருந்தே வந்தன. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் வைக்கப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது; வழக்கின் தொடக்கம் சிவகாசித் தீப்பெட்டிப் பட்டறைகள். டெல்லியில் சின்னஞ்சிறு குழந்தைகளின் பெயரால் 2015-ல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் 3(3பி) பிரிவிலிருந்து பட்டாசுக்கு விலக்கு கொடுங்கள் என்ற கோரிக்கை அப்போது எழுந்தது. விதியைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு என்பதால், கட்சி வேறுபாடின்றி வேட்பாளர்கள் இந்தக் கோரிக்கையைப் பிரசாரத்தில் எடுத்துக்கொண்டார்கள். டெல்லியின் காற்றைப் பற்றிக் கவலைப்படும் உறுப்பினர்கள் மக்களவையில் அதிகம். சரவெடிக்காகப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி எல்லைகள் மறுபடி எப்போது மாறும்? 1962 வரை தமிழகத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன, 1967-லிருந்து 39. 1971 கணக்கெடுப்பின்படி மாநிலங்களுக்குப் பிரித்த இடங்களை 1976-ல் நிறுத்திவைத்தார்கள். பின்னர் 84-வது திருத்தம், 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பின் முடிவு வெளியாகும் வரை அந்த நிறுத்தத்தை நீட்டியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் இடத்தை இழக்கக் கூடாது என்று தமிழகக் கட்சிகள் 2025 மார்ச்சில் கூடிப் பேசின. கடந்த மறுசீரமைப்பு அந்த 39-ஐத் தொடவில்லை. உள்ளே இருந்த கோடுகளை மட்டும் நகர்த்தியது. சிவகாசி பெயர் அழிந்தது அந்த நகர்வில்தான். மறுசீரமைப்பு ஆணையத்தில் மாநிலத்தின் எம்.பி.க்கள் ஐவரும் எம்.எல்.ஏ.க்கள் ஐவரும் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். கருத்துச் சொல்லலாம், முடிவில் அவர்களுக்கு வாக்கு கிடையாது.