வீரம் இருந்தது, புகழ் எங்கே போனது?

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தில், நாயகன் மேடைக்கு வருமுன்பே அவன் புகழ் வந்துவிடுகிறது. போர்க்களத்தில் அவன் காட்டிய துணிவைக் காயம்பட்ட வீரன் ஒருவன் மன்னர் டங்கனிடம் விவரிக்கிறான். மகிழ்ந்த மன்னர் மெக்பெத்துக்குக் காடோர் பட்டத்தை அளிக்கிறார். தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த அதே மன்னரைத்தான் தூக்கத்தில் கொன்று அரியணை ஏறுகிறான் மெக்பெத்.

இறுதிவரை அவன் கோழையல்லன். தோல்வி உறுதியான பின்னும் சரணடையாமல், மெக்டஃபுடன் போரிட்டே மடிகிறான். ஆனால், புதிய மன்னன் மால்கம் அவனைக் கசாப்புக்காரன் என்கிறான். வீரம் குறையவில்லை, புகழ்தான் போய்விட்டது.

பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தபோது, போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிய என் தாத்தா சொன்ன கர்ணன் கதை நினைவுக்கு வந்தது. ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்தில், 17ஆம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணனை மனைவி பொன்னுருவியே பிறப்பைச் சொல்லி இகழ்கிறாள். களத்தில் அவன் தோற்கிறான். அவன் நின்ற பக்கமும் நியாயமானதன்று. ஆயினும், உயிர் பிரியும் வேளையில் தன் புண்ணியத்தையே தானம் செய்ததால் அவன் பெயர் இன்றும் நிற்கிறது.

நம்மையும் ‘தோட்டத்துப் பிள்ளைகள்’ என்ற ஒரே சொல்லால் அளந்தவர்கள் உண்டு. பிறர் சூட்டும் பெயர் நம் கையில் இல்லை. நம் திறமையை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

‘மெக்பெத்’ படிக்கும் மாணவர்களே, முதல் அங்கத்தையும் இறுதி அங்கத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். இந்த வேறுபாடு உங்களுக்கே புரியும்.